பதினோராவது இடம்



இலக்கிய உரைத் தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வீட்டிலே விருந்தினர் இருந்தால் வானொலியின் சத்தத்தைச் சற்றுக் குறைக்கவுங் கூடும். பெருநகரமொன்றிலே கால்நடையாகச் செல்லும் ஒருவருக்கு இயற்கை உபாதை ஏற்பட்டால் அவர் எங்கே போவார் என்பதுதான் அந்தப் பொருள். இது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பேசவேண்டிய விஷயமல்லவா, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும், இந்தச் சிக்கலின் முதல் முடிச்சு மொழியிலேயே விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம். அந்த முடிச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

பழக்கமில்லாத நகரொன்றில் நடந்து திரிபவர் வழி கேட்பார். புகையிரத நிலையம் எங்கே, நூதனசாலை எங்கே, நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே என்றெல்லாம் கூச்சமில்லாமற் கேட்பார். கேட்கப்பட்டவரும் உற்சாகத்தோடு கை நீட்டிக் காட்டுவார். ஆனால் இந்த ஓரிடத்தைக் கேட்பதற்கு மாத்திரம் நாம் ஆள் பார்க்கிறோம், வயது பார்க்கிறோம், ஆணா பெண்ணா என்று பார்க்கிறோம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். மறுமொழி சொல்பவரும் குரலைத் தாழ்த்தியே சொல்கிறார். நகரத்தின் இடங்கள் அனைத்திலும் இந்த ஓரிடம் மாத்திரம் இரகசியம் போல் ஆகிவிட்டது.

நன்னூல் படித்த மாணவருக்கு இடக்கரடக்கல் தெரிந்த பாடம். தகுதி வழக்கு மூன்றனுள் அது ஒன்று. மங்கலமும் குழூஉக்குறியும் மற்றை இரண்டு. நன்மக்கள் முன்னிலையிற் சொல்லத் தகாத சொல்லை மறைத்து, வேறொரு வாய்பாட்டாற் சொல்வதே இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தான்’, ‘ஒன்றுக்குப் போனான்’ என்பன வகுப்பறையில் நாம் காட்டும் உதாரணங்கள். பவணந்தி முனிவருக்கு மிக முற்பட்டவராகிய தொல்காப்பியர் இத்தகைய சொற்களை அவையல்கிளவி என்றார். அவையிலே சொல்லத் தகாத சொல் என்பது அதன் பொருள். அவற்றை மறைத்துச் சொல்லவேண்டும் என்று விதித்த அவரே, அடுத்த சூத்திரத்தில் அதற்கு ஓர் எல்லையும் இட்டார். வழக்கிலே மருவி நிலைத்துவிட்டவற்றை அவ்வாறு மறைக்கவேண்டியதில்லை என்பது அவர் கருத்து. மறைப்பதற்கும் ஓர் அளவுண்டு என்பதை எங்கள் முதல் இலக்கணமே அறிந்திருந்தது.

நாம் அந்த அளவோடு நின்றோமா? எமது யாழ்ப்பாணத் தமிழிலேயே பாருங்கள். முன்னோர் ‘வெளிக்குப் போதல்’ என்றனர். ஒல்லாந்தர் இந்த நாட்டை ஆண்ட காலத்தில், கந்தோர் என்ற சொல்லைப் போலவே, கக்கூசு என்ற சொல்லும் அவர்களின் மொழியிலிருந்து எம்மிடம் வந்து சேர்ந்தது. ‘மலவீடு’ என்பதுதான் அந்த ஒல்லாந்தச் சொல்லின் நேர்ப் பொருள். பின்னர் அது கொச்சையாகத் தோன்றவே, மலசலகூடம் என்றோம். அதுவும் வாயிற் கூச, ரொயிலற் என்றோம். அந்தச் சொல்லோ பிரெஞ்சு மொழியிலே ஒப்பனை மேசையின் மேல் விரிக்கும் சிறு துணியைக் குறித்தது. இப்போது ‘வாஷ் ரூம்’ என்கிறோம். அமெரிக்கர் ‘ஓய்வறை’ என்கின்றனர். அங்கே ஓய்வெடுப்பவர் எவருமில்லர். ஒவ்வொரு சொல்லும் சில காலத்தில் அழுக்குப்பட்டுப் போகிறது. நாமும் இடத்தைக் கழுவாமற் சொல்லை மாற்றிக்கொண்டே வருகிறோம்.

சொல்லை மறைப்பதில் எனக்கு வழக்கில்லை. அது சபை நாகரிகம். தமிழர் போற்றிய பண்பு. சொல்லை மறைக்கப் பழகிய நாம், மெல்ல மெல்ல அந்தச் சொல் குறிக்கும் இடத்தையே மறைத்துவிட்டோம் என்பதுதான் என் முறைப்பாடு. சந்தையின் பின்புறத்திலே, பஸ் நிலையத்தின் கடைசி மூலையிலே, வெளிச்சம் போகாத ஒழுங்கையிலே அதனைக் கட்டுகிறோம். வழிகாட்டிப் பலகை வைப்பதில்லை. வைத்தாலும் எழுத்து மங்கிய பின் எவரும் புதுப்பிப்பதில்லை. இடக்கரடக்கல் சொல்லுக்குரிய இலக்கணம். அதனைக் கட்டடத்துக்கும் பொருத்தியதே எமது பிழை.

இனி, பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவைக்கு வருவோம். பெருவாயின் முள்ளியார் இயற்றிய அந்நூல் அன்றாட வாழ்வின் ஒழுக்கங்களைத் தொகுத்துச் சொல்வது. எந்தெந்த இடங்களில் எச்சில் உமிழ்தலும் மலசலங் கழித்தலும் ஆகாது என்பதற்கு அதில் ஒரு வெண்பா உண்டு. புல், விளைபயிர், பசுவின் சாணம், சுடலை, மக்கள் நடக்கும் வழி, நீர்த்துறை, கோயில், நிழல், ஆனிரை நிற்கும் இடம், சாம்பல் என 10 இடங்களை அப்பாடல் எண்ணிச் சொல்கிறது. நிழலைச் சேர்த்ததைக் கவனியுங்கள். நிழல் என்பது வழிப்போக்கன் இளைப்பாறும் இடம். அதனை ஒருவன் கெடுத்தால், அடுத்து வருபவன் எங்கே அமர்வான்? பிறர்மீது எத்துணை கரிசனை!

அந்த நூல் எழுந்த காலத்தில் இந்தப் பத்தையும் விலக்கியபின் மனிதனுக்கு மிச்ச இடம் தாராளமாக இருந்தது. எமது கிராமங்களிலே அண்மைக் காலம் வரையிற்கூட பனங்கூடலும் பற்றைக்காடும் இருந்தன. பெருநகரத்திலே நிலைமை வேறு. நகரத்தின் ஒவ்வோர் அடியும் ஒன்றில் வழி, அல்லது நிழல், அல்லது நீரோடும் வாய்க்கால், அல்லது கோயில், அல்லது யாரோ ஒருவருடைய மதில். ஆசாரக்கோவையின் பத்து இடங்களும் நகரத்தில் உண்டு. பதினோராவது இடம் தானாக அங்கே இராது. அதை நகரமே கட்டிக் கொடுக்கவேண்டும். கட்டியபின் காட்டிக் கொடுக்கவும் வேண்டும்.

கட்டிக் கொடாத நகரம் என்ன செய்கிறது? தடை எழுதுகிறது. ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்ற எச்சரிக்கையை எத்தனையோ மதில்களிற் காண்கிறோம். ‘அங்கே போய்க் கழியுங்கள்’ என்று அம்புக்குறியிட்ட பலகைகள் எத்தனை? சென்னை, மும்பாய் போன்ற இந்திய நகரங்களில் மதிற் சுவரின் அடிப்பகுதியிலே தெய்வப் படம் பொறித்த ஓடுகளை வரிசையாகப் பதித்து வைப்பதுண்டு. முள்ளியார் ‘கோயிலில் ஆகாது’ என்றார். அங்கே சுவரையே கோயிலாக்கிவிட்டனர். பிள்ளையாரைக் காவலாளி ஆக்கிய இந்தத் தந்திரம் மதிலைக் காக்கும். உபாதையோடு நிற்பவனுக்கு அது வழி சொல்வதில்லை.

பதினோராவது இடத்தைக் கட்டப் புகுந்த பெருநகரங்களுள் இலண்டன் முக்கியமானது. அதன் கதையை இங்கே சொல்லக் காரணமுண்டு. அங்கும் இடக்கரடக்கல் தன் கைவரிசையைக் காட்டியது.

1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பார்க்கிலே பளிங்கு மாளிகையென்னும் கண்ணாடி மண்டபத்தில் மாபெருங் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. ஜோர்ஜ் ஜெனிங்ஸ் என்ற சுகாதாரப் பொறியியலாளர் அங்கே நீர் பாய்ச்சிக் கழுவும் மலசலகூடங்களை அமைத்தார். அவற்றுக்கு இட்ட பெயர் ‘ஒதுங்கும் அறைகள்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர். நாமும் ‘ஒதுங்கப் போனார்’ என்றுதானே சொல்கிறோம்! ஒரு பென்னி கொடுத்து அவற்றைப் பயன்படுத்தியோர் தொகை 8 இலட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேல். ‘ஒரு பென்னி செலவழித்து வருகிறேன்’ என்று ஆங்கிலேயர் நாசூக்காகச் சொல்வதற்கு இதுவே தோற்றுவாய் என்பர்.

அடுத்த ஆண்டு, 1852இல், ஃபிளீற் வீதியில் ஆண்களுக்கும் பெட்ஃபோட் வீதியிற் பெண்களுக்குமாக இரண்டு பொது மலசலகூடங்கள் திறக்கப்பட்டன. அவற்றின் பெயர் ‘பொதுக் காத்திருப்பு அறைகள்’. அடக்கமான பெயர்தான். ஆயின் அவசரமாக வருபவன் காத்திருப்பு அறையைத் தேடுவானா? கட்டணமும் கூடுதலாக இருந்தது. வந்தவர் மிகச் சிலரே. சில மாதங்களில் இரண்டும் மூடப்பட்டன. கண்காட்சியிலே இலட்சக்கணக்கானோர் நாடிய வசதியை, தெருவிலே ஆளில்லாமல் மூட நேர்ந்தது. பெயரை மறைத்து வைத்ததும் அதற்கு ஒரு காரணமாகலாம் அல்லவா?

பின்னர் இலண்டனில் நிலத்துக்கடியிலே, இரும்பு வேலியும் வழவழப்பான ஓடு பதித்த சுவர்களுமாக, பொது மலசலகூடங்கள் பெருகின. அவற்றுட் பெரும்பாலானவை ஆண்களுக்கே. நல்ல குடும்பத்துப் பெண்மணி தெருவில் எல்லோருங் காண அத்தகைய இடத்துக்குள் நுழையலாமா என்று கேட்டனர். மானத்தின் பெயரால் மறுத்தனர். அதன் விளைவு என்ன? பெண்ணொருத்தி, திரும்பி வீட்டுக்கு வந்து சேரக்கூடிய தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரமே நகரத்தில் நடக்க முடிந்தது. தறியிலே கட்டிய பசு கயிற்றின் நீளத்துக்குள்தான் மேயும். ஆங்கில ஆய்வாளர்கள் இந்த நிலையைக் குறிக்க அந்தக் கயிற்றையே உவமையாக்கியுள்ளனர்.

1900ஆம் ஆண்டளவில் இலண்டனின் கம்டன் பகுதியிலே, தெருக்கள் சந்திக்கும் ஓரிடத்திற் பெண்களுக்கென ஒரு கூடம் கட்டும் யோசனை உள்ளூர்ச் சபைக்கு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அயலிலுள்ள சொத்துகளின் பெறுமதி குறைந்துவிடும் என்றனர் சிலர். போக்குவரத்துக்கு இடைஞ்சலா என்று சோதிக்க மரத்தால் ஒரு மாதிரிக் கூடு நடுத் தெருவில் நிறுத்தப்பட்டது. அவ்வழியே சென்ற வண்டிகள் அதிலே மோதின. இடைஞ்சல்தான் என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே மோதப்பட்டன என்றும் பேச்சு எழுந்தது. ஐந்தாண்டு இழுபறியின் பின்னரே காரியம் கைகூடியது. அந்தச் சபையில் உறுப்பினராக இருந்து இந்தக் கூத்தை நேரிற் கண்டவர், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் பேர்னாட் ஷா. 1909இல் அவர் பெண்களின் வாக்குரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ‘சொல்லத் தகாத நியாயம்’ என்ற தொடர் அதன் தலைப்பிலேயே வருகிறது. ஆண்கள் மாத்திரம் கூடியிருக்கும் சபை இதைப் பற்றி வாய் திறக்கவே கூசும். ஆதலாற் பெண்களும் சபையில் இருந்தாலன்றி இது நடவாது என்பது அவருடைய வாதம். தொல்காப்பியரின் அவையல்கிளவி, உண்மையாகவே ஓர் அவையில், அரைவாசி மக்களின் தேவையைப் பேசாமல் அடக்கிவிட்டதைப் பாருங்கள்.

இது நூறாண்டுக்கு முந்திய கடல்கடந்த கதை என்று நாம் ஆறுதலடைய முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், என் பெரியம்மாவை ஓர் அலுவலாகக் கொழும்புக்கு அழைத்துச் சென்றேன். இரவு பஸ்ஸிற் புறப்பட்டு விடிய வந்திறங்கினோம். ஒரு கந்தோரிலே காலையில் நம்பர் எடுத்தால் அலுவல் முடியப் பிற்பகல் மூன்று மணி. வெயிலில் வரிசையில் நின்றோம். தேநீர் வாங்கிக் கொடுத்தேன்; வேண்டாம் என்றார். இளநீர் வெட்டுவித்தேன், அதுவும் வேண்டாம்.

“எனக்கு விடாயில்லைத் தம்பி, நீ குடி” என்றார்.

உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் விடாமற் கேட்டபோது மெதுவாகச் சொன்னார்: “நேற்றுப் பின்னேரத்திலயிருந்து நான் தண்ணி குடிக்கேல்லை. இஞ்ச எங்கயெண்டு போறது? ஆரிட்டக் கேக்கிறது? வாயைக் கட்டினா மிச்சமெல்லாம் பேசாமக் கிடக்கும்.”

அவருக்கு அப்போது எழுபது வயது, நீரிழிவும் உண்டு. சிறுநீரை அடக்குவதாலும் தண்ணீர் குடியாதிருப்பதாலும் சிறுநீர்ப் பாதையிலே தொற்று ஏற்படலாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பெரியம்மாவுக்கு அது தெரியாததல்ல. இருந்தும், தெரியாத ஊரில் தெரியாத மனிதரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதைவிடத் தாகத்தைத் தாங்குவது அவருக்கு இலகுவாகப் பட்டது. ‘விடாயில்லை’ என்ற அவருடைய சொல்லும் ஓர் இடக்கரடக்கல்தான் என்பேன். இலக்கண நூல்களில் அதற்கு உதாரணம் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களின் பயணங்களில் நிறைய உண்டு.

பெரியம்மாவைப் போன்றோர் நகரெங்கும் இருக்கின்றனர். கர்ப்பிணித் தாய்மார், சிறு பிள்ளையைக் கையிற் பிடித்து வருவோர், முதுமையிற் சிறுநீரை அடக்க இயலாதோர், சக்கர நாற்காலியில் வருவோர் எல்லோரையும் எண்ணிப் பாருங்கள். நடைபாதையிற் கடை விரித்து விடிந்தால் பொழுதுபட்டால் தெருவிலேயே நிற்கும் வியாபாரியையும், பஸ் நடத்துநரையும், வீதி கூட்டும் பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். ஒரு நகரம் யாருடையது என்று அறிய அதன் நினைவுச் சின்னங்களைப் பார்க்கத் தேவையில்லை. அந்த நகரத்தில் யார் நாள் முழுவதும் அச்சமின்றி நின்று நிலைக்க முடிகிறது என்பதைப் பார்த்தாற் போதும்.

நகரத்தில் நடந்து பழகியவர்கள் சில உபாயங்களை அறிவார்கள். பெரிய புகையிரத நிலையம், பொது நூலகம், ஆஸ்பத்திரி, பலமாடிக் கடைத் தொகுதி ஆகியவற்றை மனத்திற் குறித்து வைத்துக்கொண்டே நடப்பார்கள். ஒன்றும் அகப்படாதபோது ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைவார்கள். சும்மா கேட்பது மரியாதையில்லை என்று வேண்டாத தேநீர் ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு, பின்கட்டைக் காட்டுமாறு கேட்பார்கள். அந்தத் தேநீரோ நாலு தெரு தாண்டியதும் தன் கணக்கைக் கேட்கும். மறுபடியும் ஒரு கடை, மறுபடியும் ஒரு தேநீர்! கையிற் காசுள்ளவனுக்கு இது வேடிக்கை. காசில்லாதவனைக் கடையின் வாசற்படியே மறித்துவிடும்.

காசு என்றதும் உரோமப் பேரரசன் வெஸ்பாசியனின் கதை நினைவுக்கு வருகிறது. பொதுச் சிறுநீர்க் கூடங்களிற் சேர்ந்த நீர் அக்காலத்தில் துணி வெளுப்போருக்குப் பயன்பட்டது. அதன்மீது அவன் வரி விதித்தான். மகன் டைட்டஸ் இது கேவலம் என்று முறையிட்டபோது, வந்த நாணயத்தை மகனின் மூக்கருகே பிடித்து, இது நாறுகிறதா என்று கேட்டானாம். காசு நாறாது என்பது அவன் முடிபு. காசு நாறாமலிருக்கலாம். ஆனால் காசு யாரிடம் கேட்கப்படுகிறது என்பதிலே அநீதி நாறலாம். மும்பாயிற் பொதுக் கூடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு கேட்கப்படுவதில்லை, பெண்களிடம் கேட்கப்பட்டது. இதனை எதிர்த்து 2011இல் அந்நகரத்துப் பெண்கள் அமைப்புகள் இயக்கம் தொடங்கின. அதன் பெயரே ‘சிறுநீர் கழிக்கும் உரிமை’ என்பதுதான். எந்த நாசூக்குச் சொல்லின் பின்னும் அவர்கள் ஒளியவில்லை. சொல்லை வெளிப்படையாகச் சொன்னதனாலேயே சபைகள் செவி சாய்க்க நேர்ந்தது.

பிரித்தானியாவிலும் இத்தகைய திருத்தங்கள் ஒவ்வொன்றாகவே வந்தன. உள்ளூராட்சி மன்றங்களின் மலசலகூட வாசல்களிற் காசு போட்டால் மாத்திரம் சுழன்று வழிவிடும் தடைக்கம்பிகளை 1963இல் ஒரு சட்டம் தடை செய்தது. பிள்ளைத்தாய்ச்சியும் பிள்ளை தூக்கியவளும் அதற்குள் சிக்கித் தவித்ததை எண்ணிப் பார்க்கலாம். பெரிய புகையிரத நிலையங்களை நடத்தும் நிறுவனம் 2019இல் தன் நிலையங்களில் இதற்கான கட்டணத்தை நீக்கியது. ஆயினும் ஒரு குறை எஞ்சியுள்ளது. 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்கள் பொது மலசலகூடங்களை ‘அமைக்கலாம்’ என்றே சொல்லிற்று. ‘அமைக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. பணமுடை வந்தபோது பல கூடங்கள் மூடப்பட்டன. நிலத்தடியில் இருந்த பழைய கூடங்களிற் சில இன்று கோப்பிக் கடைகளாக இருக்கின்றன. அங்கே கோப்பி கிடைக்கும். கோப்பி குடித்தவன் தேடும் இடம் அடுத்த தெருவிலும் கிடைக்குமோ தெரியாது! ‘கலாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடைப்பட்ட தூரம் இலக்கண மாணவனுக்குச் சிறிது. நடப்பவனுக்கு அது பெரிய தூரம்.

பணமில்லாத சபைகளும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஜேர்மனியில் ஆலன் என்னும் நகரம் 2000ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. சாப்பாட்டுக் கடைகளும் விடுதிகளும் தம் மலசலகூடத்தை எவர்க்கும் திறந்துவிட வேண்டும். பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. நகர சபை அவர்களுக்குத் துப்புரவுச் செலவுக்கென ஒரு தொகை கொடுக்கும். இலண்டனின் ரிச்மண்ட் பகுதியும் இத்தகைய திட்டம் ஒன்றை நடத்துகிறது. இதன் உயிர்நாடி எது தெரியுமா? கடையின் கண்ணாடியில் ஒட்டப்படும் சிறிய அடையாளச் சீட்டு. உள்ளே வரலாம், கேட்கத் தேவையில்லை என்று அது சொல்கிறது. என் பெரியம்மா போன்றோரின் கூச்சத்தை ஒரு துண்டுக் காகிதம் தீர்த்துவைக்கிறது. அவுஸ்திரேலிய அரசு 2001இல் நாட்டிலுள்ள பொது மலசலகூடங்களைக் குறிக்கும் தேசிய வரைபடம் ஒன்றையே ஆக்கியது. வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிப்பதென்பது, அந்த இடத்தை அரசு வெட்கமின்றி ஏற்றுக்கொள்வதாகும்.

யப்பானின் தலைநகர் டோக்கியோவில் ஷிபுயா என்னும் பகுதியிலே 2020 முதல் 2023 வரையில் 17 பொது மலசலகூடங்கள் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்டன. அவற்றுள் ஷிகேரு பான் என்ற கலைஞர் பூங்காக்களில் அமைத்த கூடங்களின் சுவர்கள் நிறக் கண்ணாடியால் ஆனவை. உள்ளே யாருமில்லாதபோது வெளியிலிருந்தே எல்லாந் தெரியும். சுத்தமாக இருக்கிறதா, யாரேனும் ஒளிந்திருக்கிறார்களா என்று தனியே வரும் பெண் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் இட்டதும் கண்ணாடி மங்கி மறைத்துவிடும். இடத்தைக் காட்டு, ஆளை மறை. இடக்கரடக்கலின் உண்மையான பொருளை உணர்ந்து கட்டிய கட்டடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கூடங்களைத் துப்புரவு செய்யும் தொழிலாளி ஒருவரைக் கதாநாயகனாக்கி ஜேர்மன் இயக்குநர் விம் வென்டர்ஸ் எடுத்த ‘பேர்ஃபெக்ற் டேய்ஸ்’ என்ற திரைப்படத்தில் நடித்த கோஜி யாகுஷோ, 2023இல் கான் விழாவிலே சிறந்த நடிகர் விருது பெற்றார். கழுவுகிறவரின் கைகளுக்குக் கலை செய்த மரியாதை அது.

இத்தகைய மரியாதைக்கு யப்பான் வரை போகவேண்டுமா? பௌத்த விநய நூலிலே ஒரு செய்தி வருகிறது. பிக்குகள் மூப்பு முறைப்படியே மலகூடத்தைப் பயன்படுத்தி வந்தனர். முதலில் வந்த இளம் பிக்குகள் மூத்தோருக்காகக் காத்துநின்று, அடக்கமாட்டாமல் மயங்கி விழுந்தனர். அதை அறிந்த புத்தர், வந்த ஒழுங்கின்படியே பயன்படுத்தலாம் என்று விதித்தார். எல்லா இடத்திலும் மூப்புக்கு மதிப்புக் கொடுத்த ஒரு சங்கம், இந்த ஒரு வாசலில் மாத்திரம் தேவைக்கே முதலிடம் கொடுத்தது. எங்கள் நாட்டு அநுராதபுரத்திலே, தவமுனிவர் வாழ்ந்த மேற்கு மடாலயங்களின் இடிபாடுகளிடையே சிறுநீர்க் கற்கள் கிடைத்துள்ளன. அந்த மடங்களின் ஏனைய பகுதிகளில் அலங்காரம் அரிது; இந்தக் கற்களிலோ நுட்பமான செதுக்கு வேலை. ஆடம்பரத்தை இகழவே அவ்வாறு செய்தனர் என்பது அறிஞர் கூற்று. காரணம் எதுவாயினும் ஆகட்டும். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்த இடம் எதுவென்று ஐயமின்றித் தெரிகிறது. ஒரு சிற்பி அதன்மீது தன் உளியை வைக்கக் கூசவில்லை.

நேயர்களே, கோடிக்கணக்கிற் பணம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. இருக்கின்ற கூடத்துக்கு ஒரு தாழ்ப்பாள், ஒரு மின்குமிழ், ஒரு வாளி தண்ணீர். தெரு முனையில் மும்மொழியிலும் எழுதிய ஒரு பலகை. கடை வைத்திருப்போர் மனமிருந்தால் வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டலாம். கோயில் தர்மகர்த்தாக்கள் தண்ணீர்ப் பந்தல் வைக்கும்போது, அந்தத் தண்ணீரைக் குடித்தவர் பிறகு எங்கே போவார் என்பதையும் யோசிக்கலாம். ஆசிரியர்களாகிய நாம் கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டம் எழுதும்போது, பார்க்கும் இடங்களின் பட்டியலுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் இறங்கி ஒதுங்கக்கூடிய இடங்களின் பட்டியலையும் எழுதவேண்டும். முக்கியமாக, எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியைத் தலைநிமிர்ந்து கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ‘மலசலகூடம் எங்கே இருக்கிறது?’ என்பது இலக்கணப் பிழையற்ற, ஒழுக்கப் பிழையுமற்ற ஒரு வாக்கியம்.

முள்ளியார் ஆகாத இடங்களை எண்ணி வைத்துவிட்டுப் போனார். ஆகும் இடத்தை எண்ணிச் சேர்க்கவேண்டிய கடமை எமக்கு விடப்பட்டிருக்கிறது. சொல்லை எப்படி வேண்டுமானாலும் நாகரிகமாக மறைத்துக்கொள்வோம். இடத்தை மாத்திரம் மறையாதிருப்போம்.